வளரும் முதுகும் வேகப்பந்தும்

வாசகர் கேள்வி

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் நாமக்கல் பக்கம் ஒரு சிறிய ஊரில் உரக்கடை வைத்திருக்கிறேன். என் மகனுக்குப் போன மாதம் 14 வயது முடிந்தது. வலக்கை வேகப்பந்து வீச்சாளன். செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் அகாடமியில் பத்துப் பத்து ஓவர் வீசுகிறான். திங்கள், புதன், வெள்ளி காலையில் பள்ளி அணிப் பயிற்சியில் ஆறாறு ஓவர். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் விடியற்காலை நானே வீட்டுக்குப் பின்னால் உள்ள களத்தில் ஒரு டஜன் யார்க்கர் போடவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஊரில் இரண்டு டென்னிஸ் பந்து மேட்ச் இருக்கும், ஒவ்வொன்றிலும் நான்கு ஓவர். இந்த ஒரு வருடத்தில் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டான். இரண்டு மாதமாக இடுப்புக்குச் சற்று மேலே இடது பக்கம் வலி என்கிறான். வீசும்போது வருகிறது, ஓய்வெடுத்தால் குறைகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். தெரிந்த யோகா ஆசிரியர் புஜங்காசனமும் சக்கராசனமும் செய்யச் சொன்னார். கோச், வேகப்பந்து வீசுகிறவனுக்கு முதுகு வலிக்கத்தான் செய்யும், ஸ்பிரே அடித்துக்கொண்டு வீசட்டும் என்கிறார். ஆறு வாரத்தில் 16 வயதுக்குட்பட்டோர் மாவட்ட அணித் தேர்வு வருகிறது. அதற்குள் வலியைப் போக்கி வேகத்தைக் கூட்ட என்ன பயிற்சி கொடுக்கலாம்? ஜிம்முக்கு அனுப்பினால் உயரம் நின்றுவிடுமா? புரோட்டீன் பவுடர் வாங்கித் தரலாமா?

பதில்

அன்புள்ள ஐயா,

நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று மாலையிலிருந்து உங்கள் மகன் பந்து வீச வேண்டாம். விடியற்காலை யார்க்கரும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்தும் வேண்டாம், எல்லைக்கோட்டிலிருந்து ஓங்கி எறிவதும் வேண்டாம். புஜங்காசனம், சக்கராசனம் உட்பட முதுகைப் பின்னால் வளைக்கும் எதையும் செய்ய வேண்டாம். இந்த வாரத்திலேயே ஓர் எலும்பு மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ அழைத்துச் சென்று, கீழ்முதுகு எலும்பில் அழுத்த முறிவு, அதாவது ஓயாத அழுத்தத்தால் விழும் விரிசல், இருக்குமோ என்று சந்தேகப்படுவதாகச் சொல்லி, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

கடிதத்தை மட்டும் படித்துவிட்டு நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் 14 வயது, ஓராண்டில் ஒன்பது சென்டிமீட்டர் வளர்ச்சி, வலக்கை வீச்சு, இடது பக்கக் கீழ்முதுகில் வலி, வீசினால் வருவதும் ஓய்ந்தால் தணிவதும் ஆகிய ஐந்தும் ஒரே பையனிடம் சேர்ந்து வந்தால், மாறாகத் தெரியும்வரை அதை எலும்பின் வலியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் துறையில் உள்ளவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். தசைப்பிடிப்பாக இருந்தால் இரண்டு வார ஓய்வு வீணாகிவிட்டது என்ற வருத்தம் மட்டுமே மிஞ்சும். எலும்பாக இருந்து, தசை என்று நினைத்து வீசவைத்தால், போவது ஒரு முழு ஆண்டாக இருக்கலாம்.

இடது பக்கம் வலிப்பதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் தருகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். கீழ்முதுகில் உள்ள ஐந்து எலும்புகள் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் தண்டுவடமும் அதன் நரம்புகளும் இறங்கும் பாதையைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தின் இருபுறமும், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் ஒடுங்கிய எலும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. பார்ஸ் என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது அதைத்தான். வலக்கையால் வேகமாக வீசுகிறவன் பந்தை விடும் கணத்தில் இடது காலைத் தரையில் ஊன்றி, முதுகைப் பின்னால் வளைத்து, இடப்பக்கம் சாய்ந்து, அதே நேரத்தில் திரும்பவும் செய்கிறான். தரையிலிருந்து அந்தக் காலின் வழியே ஏறிவரும் விசை, வளர்ந்த வேகப்பந்து வீச்சாளர்களிடம் உடல் எடையைப் போல ஐந்து மடங்கைத் தாண்டுவதுண்டு. அத்தனையும் நான்காவது, ஐந்தாவது எலும்புகளின் இடப்பக்கப் பாலத்தில் வந்து நெருக்குகிறது. அதனால்தான் வலக்கை வீச்சாளர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கமும், இடக்கை வீச்சாளர்களுக்கு வலது பக்கமும் முறிவு வருகிறது.

ஒரு பந்தில் அந்தப் பாலம் உடைவதில்லை. அழுத்தம் கூடும்போது எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் அதற்கென்று ஒரு முறை உண்டு. சேதமான பழைய எலும்பை முதலில் அரித்து எடுத்துவிட்டுத்தான் அந்த இடத்தில் புதிய எலும்பை இடும். எடுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். இட்டு நிரப்பி இறுகச் செய்யும் வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும். சாலையில் பழைய தாரைத் தோண்டியெடுத்த பின் புதுத் தார் போடுவதற்குள் லாரிகளை ஓடவிட்டால் என்ன ஆகுமோ அதுதான், இடைவெளியில்லாமல் தினமும் வீசுகிறவனின் முதுகிலும் நடக்கிறது. ஸ்பிரே வலியை மறைக்கும். தோண்டிய சாலைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வலி நிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு வீசுவதும் இதே கணக்குத்தான்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றவர் பொய் சொல்லவில்லை. அழுத்த முறிவின் தொடக்க நிலையில் எலும்புக்குள் நீர்கோத்த வீக்கம் மட்டுமே இருக்கும், கோடு விழுந்திருக்காது. எக்ஸ்ரேயில் அது தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். அந்த நிலையில் பிடித்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எலும்பு முழுமையாகக் கூடிவிடுகிறது. கோடு விழுந்து, இரு முனைகளும் விலகி நாளாகிவிட்டால் கூடும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். யோகா ஆசிரியரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். முன்னால் குனிந்தால் வலிக்கும் முதுகு பலவற்றுக்குப் புஜங்காசனம் இதமாக இருக்கும். ஆனால் இந்த வலியில், எந்தப் பாலம் நெருக்குண்டு நோகிறதோ அதே பாலத்தை அது மேலும் நெருக்கும்.

வீட்டிலேயே ஒன்றைக் கவனியுங்கள். வலி எங்கே என்று கேட்டால் உள்ளங்கையை முதுகு முழுக்கத் தடவிக் காட்டுகிறானா, ஒரே விரலை ஒரே இடத்தில் வைத்துக் காட்டுகிறானா? என்னிடம் வந்து, பின்னர் அழுத்த முறிவு என்று உறுதியான பிள்ளைகளில் பலர், சட்டையைத் தூக்கிவிட்டுக் கையைப் பின்னால் கொண்டுபோய், தேடாமல் நேராக ஒரு விரலை வைத்தவர்கள். இது பரிசோதனைக்கு மாற்றாகாது, மருத்துவரிடம் சொல்வதற்கு ஒரு தகவல், அவ்வளவுதான். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், காலில் மரத்துப்போதல் அல்லது பலக்குறைவு, சிறுநீர் மலம் கழிப்பதில் மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வாரக்கடைசி வரை காத்திருக்காமல் அன்றே காட்டிவிடுங்கள்.

இனி, உங்கள் கடிதத்திலேயே இருந்து நீங்கள் கூட்டிப் பார்க்காத ஒரு கணக்குக்கு வருகிறேன். அகாடமியில் மூன்று நாள், நாளுக்குப் பத்து ஓவர் என்றால் 180 பந்துகள். பள்ளியில் மூன்று நாள், ஆறு ஓவர் வீதம் 108. உங்கள் களத்தில் ஆறு நாள், பன்னிரண்டு வீதம் 72. ஞாயிறு எட்டு ஓவர், 48. ஆக வாரத்துக்கு 408 பந்துகள், அதுவும் ஏழு நாளும் ஒரு நாள்கூட விடாமல். கோச்சுக்குத் தெரிந்தது அவருடைய 180, உடற்கல்வி ஆசிரியருக்குத் தெரிந்தது அவருடைய 108, உங்களுக்குத் தெரிந்தது உங்களுடைய ஒரு டஜன். அவரவர் பங்கு அவரவருக்கு நியாயமாகவே பட்டிருக்கும். நானூற்றெட்டு என்ற எண் அந்தப் பையனின் முதுகுக்கு மட்டுமே தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் தருகிறேன். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கென்று வரம்புகளை வகுத்திருக்கிறது. 14, 15 வயதுக்குட்பட்ட பிரிவுகளில் ஒரே மூச்சில் ஆறு ஓவருக்கு மேலும், ஒரே நாளில் பன்னிரண்டு ஓவருக்கு மேலும் வீசக்கூடாது. வாரத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வீசக்கூடாது, தொடர்ச்சியாக இரண்டு நாட்களுக்கு மேல் வீசக்கூடாது. நெட்ஸ் பயிற்சியில் ஒரு அமர்வுக்கு 36 பந்துகள், வாரத்துக்கு இரண்டு அமர்வுகள். உங்கள் மகன் அகாடமியில் ஒரு மாலைக்கு 60 பந்துகள் வீசுகிறான், அதே நாள் விடியலில் களத்தில் 12 பந்துகள் வீசியிருக்கிறான். இந்த வரம்புகள் நம் ஊருக்குச் சட்டமல்ல. ஆயினும் 14 வயது எலும்பு நாட்டுக்கு நாடு வேறுபட்டுவிடாது என்பதால், நான் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இவற்றையே உச்சவரம்பாக வைத்துக்கொள்கிறேன். டென்னிஸ் பந்தைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று பெற்றோர் பலர் கேட்பார்கள். பந்தின் எடைதான் குறைவு. ஓட்டம், காலூன்றல், முதுகு வளைவு எல்லாம் அதேதான். பந்து கனமில்லாததால் இன்னும் ஓங்கி வீசத்தான் தோன்றும். கட்டாந்தரையில் வெறுங்காலோடு வீசுவதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அதையும் எண்ணுங்கள்.

ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டான் என்று நீங்கள் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தீர்கள். வேகப்பந்து வீச்சுக்கு உயரம் நல்லதுதான். ஆனால் பையன்களுக்குப் பெரும்பாலும் 13, 14 வயதை ஒட்டி வரும் இந்த வளர்ச்சிப் பாய்ச்சலில் எலும்பு முதலில் நீளத்தில்தான் வளர்கிறது. சுண்ணாம்புச் சத்து சேர்ந்து உறுதிப்படுவது அதற்குச் சில மாதங்கள் பின்தங்கியே வரும். நீண்டுவிட்ட எலும்போடு ஈடுகொடுக்கத் தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் திணறி விறைத்திருக்கும். நேற்றுவரை பழகிய கைகால்களின் நீளமே மாறிவிடுவதால், போன வருடம் அழகாக வீசியவன் இந்த வருடம் தடுமாறுவான். அதைப் பார்த்து, பயிற்சி போதவில்லை என்று மேலும் வீசவைக்கிறோம். உண்மையில் குறைக்க வேண்டிய நேரமே அதுதான். வீட்டு நிலைக்கதவில் மாதம் ஒருமுறை, அதே தேதியில், காலை வேளையில், பென்சிலால் உயரத்தைக் கோடிட்டு வையுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் அந்தக் காலாண்டில் பந்துகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள் என்றே நான் பெற்றோரிடம் சொல்வது. முழங்கால் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து நோவதும், குதிகாலின் பின்புறம் நோவதும் இதே வயதில் இதே காரணத்தால் வருபவைதான். அவை முதுகைப்போல் அச்சுறுத்துபவை அல்ல என்றாலும், சுமை கூடிவிட்டது என்று உடல் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நீங்கள் கேட்ட பயிற்சி. வேகம் கூட வேண்டுமானால் மேலும் மேலும் வேகமாக வீச வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பந்தின் வேகம், தாளம் தவறாத ஓட்டத்திலிருந்தும், ஊன்றிய முன்கால் மடங்காமல் நிற்பதிலிருந்தும், இடுப்பு முதலில் திரும்பித் தோள் அதைத் தொடர்வதிலிருந்தும் வருகிறது. முன்கால் மடங்காமல் நிற்கத் தொடையும் பிட்டமும் வலுவாக இருக்க வேண்டும். இடுப்பின் வேகம் தோளுக்குச் சிந்தாமல் போய்ச்சேர நடுவுடல் உறுதியாக இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு பந்துகூட வீசாமல் வளர்க்கலாம். முதுகைக் காப்பதும் இதே தசைகள்தான். ஆகவே வேகத்துக்கு ஒரு பயிற்சி, பாதுகாப்புக்கு வேறொரு பயிற்சி என்று இரண்டு தேவைப்படவில்லை.

ஜிம் உயரத்தை நிறுத்திவிடும் என்பது நம் வீடுகளில் தலைமுறையாக இருந்துவரும் பயம். சரியான மேற்பார்வையில் செய்யும் வலுப்பயிற்சி பிள்ளைகளின் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் உட்படப் பல அமைப்புகள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. யோசித்துப் பாருங்கள், பந்து வீசும்போது உடல் எடையின் பல மடங்கு அவன் காலில் இறங்குகிறது. அதற்கு அஞ்சாத நாம், கையில் ஐந்து கிலோ டம்பெல் பிடித்து உட்கார்ந்து எழுவதற்கு அஞ்சுகிறோம். ஆபத்து எதில் என்றால், யாரும் பார்க்காத மூலையில் நண்பர்களோடு போட்டி போட்டு, தூக்க முடிந்த அதிகபட்ச எடையைத் தூக்கிப் பார்ப்பதில். அதற்கு 14 வயதில் இடமில்லை.

எம்.ஆர்.ஐ. பார்த்து மருத்துவர் அனுமதித்த பிறகு, வலியில்லாத அளவில், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோன்ற ஸ்குவாட், ஒற்றைக் காலில் படியேறி இறங்குதல், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல், முழங்கையூன்றி உடலைப் பலகைபோல் நேராக நிறுத்தும் ப்ளாங்க், பக்கவாட்டுப் ப்ளாங்க், தண்டால், கம்பியைப் பிடித்து உடலை இழுத்தல் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். பக்கவாட்டுப் ப்ளாங்கை இரு பக்கமும் செய்யச் சொல்லி நேரம் பாருங்கள். ஒரு பக்கம் நாற்பது வினாடி நிற்பவன் மறுபக்கம் இருபதில் நடுங்கினால், அந்த வேறுபாட்டைச் சரிசெய்வதே முதல் இரண்டு மாத வேலை. எட்டு முதல் பன்னிரண்டு முறை கோணாமல் செய்ய முடிந்த பிறகே சிறிது எடை சேர்க்க வேண்டும். பன்னிரண்டாவது முறை உடல் கோணினால், எடை அதிகம் என்று பொருள்.

காலூன்றலைத் தனியாகப் பழக்க வேண்டும். போன மாதம் வந்த ஒரு 15 வயதுப் பையனை, ஓரடி உயர முக்காலியிலிருந்து இடது காலால் இறங்கி அப்படியே நிற்கச் சொன்னேன். நல்ல உயரம், அகலத் தோள், அவன் தந்தை பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கினான். முழங்கால் உள்பக்கமாகச் சரிந்தது, இடுப்பு ஒருபுறம் தொய்ந்தது, முதுகு மறுபுறம் வளைந்து ஈடுகட்டியது. தரையில் டமாரென்று சத்தம். ஐந்து முறை இறங்கவைத்தேன், ஐந்து முறையும் அதேதான். சும்மா இறங்கும்போதே இப்படியென்றால், ஓடிவந்து ஊன்றும்போது அவன் முதுகு எதைத் தாங்கியிருக்கும் என்று அந்தத் தந்தையிடம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அனுமதி கிடைத்தபின் உங்கள் மகனையும் இப்படி இறங்கச் சொல்லி, நீங்கள் எதிரே நின்று பாருங்கள். முழங்கால், பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக நிற்க வேண்டும். சத்தம் கேட்கக்கூடாது. பத்து முறை சத்தமின்றி இறங்கக் கற்றுக்கொள்வது, பத்து யார்க்கரைவிட அவன் பந்துவீச்சுக்கு உதவும்.

வீச்சு முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்கால் ஊன்றும்போது இடுப்பு ஒரு பக்கம் பார்த்தும் தோள் வேறு பக்கம் பார்த்தும் இருந்து, பிறகு தோள் மேலும் பின்னால் திருகி முன்னே வரும் கலப்பு முறை, முதுகு முறிவோடு தொடர்புடையது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1980-களிலிருந்தே காட்டிவந்திருக்கிறார்கள். பந்தை விடும்போது இடப்பக்கம் அளவுக்கு மீறிச் சாய்வதும் கெடுதல். செல்பேசியில் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வேகத்தைக் குறைத்துப் படம்பிடித்தவை இருந்தால் எடுத்துவையுங்கள், தகுதிபெற்ற பயிற்சியாளர் ஒருவர் பார்க்கட்டும். வலியோடு இருக்கும்போது முறையை மாற்ற முயல வேண்டாம். முதுகு ஆறி, வலு கூடிய பிறகு மாற்றுவதுதான் நிலைக்கும்.

எம்.ஆர்.ஐ.யில் எலும்பில் பாதிப்பு தெரிந்தால், பந்து வீசாமல் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை இருக்க வேண்டி வரும் என்று மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். வலி பல பிள்ளைகளுக்கு ஒரு மாதத்திலேயே போய்விடும். எலும்பு அதற்கு வெகுநாள் கழித்துத்தான் கூடும். வலி போய்விட்டதே என்று ஆறாவது வாரத்தில் களமிறங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்களே என்னிடம் இரண்டாம் முறை வருகிறவர்கள். திரும்பும்போதும் படிப்படியாக வர வேண்டும். நின்ற இடத்திலிருந்து பன்னிரண்டு பந்துகள், ஒருநாள் விட்டு ஒருநாள், பாதி வேகத்தில். பிறகு நடந்துவந்து, பிறகு பாதி ஓட்டத்தில், பிறகு முழு ஓட்டத்தில் முக்கால் வேகத்தில், கடைசியாக முழு வேகத்தில். இதற்கு எட்டு முதல் பத்து வாரம் பிடிக்கும். எண்ணிக்கையையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டக்கூடாது. எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தால் இந்தக் காலம் வெகுவாகச் சுருங்கும், ஆனால் 408-க்குத் திரும்பும் பேச்சு அப்போதும் இல்லை.

திரும்பிய பிறகு அவன் வாரம் எப்படி இருக்க வேண்டும் என்றால், நெட்ஸ் இரண்டு நாள், மேட்ச் ஒரு நாள், வலுப்பயிற்சி மூன்று நாள், முழு ஓய்வு குறைந்தது ஒரு நாள். நெட்ஸில் 36 பந்துகளே என்றால் ஒவ்வொரு பந்துக்கும் மதிப்பு கூடும். யார்க்கர் விழ வேண்டிய இடத்தில் ஒரு பழைய செருப்பை வைத்து, ஆறுக்கு எத்தனை பட்டது என்று அவனே ஒரு நோட்டில் எழுதட்டும். அதே நோட்டில் அன்றைய மொத்தப் பந்துகளையும் எழுதட்டும், எங்கே வீசினாலும் ஒரே நோட்டு. அதை கோச்சும் உடற்கல்வி ஆசிரியரும் நீங்களும் பார்க்க வேண்டும். வாரத்துக்கு மொத்த விளையாட்டு நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது என்ற எளிய விதியும் உண்டு. 14 வயதென்றால் 14 மணி நேரம். நீங்கள் எழுதியதை வைத்து நான் போட்ட தோராயக் கணக்கில் அவன் இருபதை ஒட்டி இருக்கிறான். ஆண்டில் இரண்டு மூன்று மாதமாவது கிரிக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு நீச்சலோ கைப்பந்தோ விளையாடட்டும். கோடை விடுமுறையில் முகாம்கள் இரட்டை நேரம் நடத்துவார்கள், பையன்கள் அக்கினி நட்சத்திர வெயிலில் உலர்ந்துபோவார்கள். அந்த மே மாதத்தையே விடுப்பு மாதமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

புரோட்டீன் பவுடருக்குச் செலவிட வேண்டாம். ஐம்பது கிலோ எடையுள்ள, பயிற்சி செய்யும் பையனுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டை, அரை லிட்டர் பாலோ தயிரோ, ஒரு கிண்ணம் சுண்டல், மதியமோ இரவோ மீன் அல்லது கோழி, இவற்றோடு இட்லி, சோறு, பருப்பில் உள்ளதும் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். சைவமென்றால் பருப்பும் பயறும் கூட வேண்டும். எலும்புக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. அரை லிட்டர் பாலில் 600 கிடைக்கும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 இருக்கிறது. உங்கள் ஊரில் கேழ்வரகுக் களிக்குப் பஞ்சமிருக்காது. வைட்டமின் டி அளவை ஒருமுறை பார்த்துவிடும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வெயிலில் விளையாடும் பிள்ளைகளிடமும் குறைவாக இருப்பதைப் பார்க்கிறோம். தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். விடியற்காலை களத்துக்கு வருகிறவன் முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று கணக்குப் பாருங்கள். அந்த யார்க்கர் நேரத்தை அவன் தூக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

தேர்வு. உங்கள் கடிதத்தின் கனமெல்லாம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆறு வாரத்தில் வரும் தேர்வுக்கு அவனைத் தயார் செய்ய முடியுமா என்று கேட்டால், எலும்பில் பாதிப்பிருந்தால் முடியாது, முயலவும் கூடாது என்பதே என் பதில். இந்த வயதில் தேர்வாளர்கள் கண்ணில் படுகிறவர்களில் பலர் மற்றவர்களைவிட ஓரிரு ஆண்டு முன்னதாகவே வளர்ந்துவிட்டவர்கள். 14 வயதில் எல்லோரையும் திணறடித்தவன் 18 வயதில் சாதாரணமாகத் தெரிவதும், 15 வரை குட்டையாக இருந்தவன் பிறகு முந்திக்கொள்வதும் விளையாட்டில் அன்றாடக் காட்சி. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்த வேகப்பந்து வீச்சாளர் டி. நடராஜன் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக ஆடியது 2015-இல், 23 வயதில். இந்தியாவுக்காக ஆடியது 2020 டிசம்பரில், 29 வயதில். உங்கள் மகனுக்கு முன்னால் பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 2011 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடி ஆட்ட நாயகனானார். முதுகு முறிவும் மற்றக் காயங்களும் மாறி மாறி வந்து, அவர் அடுத்த டெஸ்ட் ஆடியது 2017 மார்ச்சில், நம் நாட்டில் ராஞ்சியில். இன்று உலகம் போற்றும் அந்த வீச்சாளருக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் பிடித்தது, மிகச் சிறந்த மருத்துவக் குழு உடனிருந்தும். சென்னையில் 1987-இல் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்து அறக்கட்டளையை நீண்டகாலம் வழிநடத்திய ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியே 1973-இல் முதுகெலும்பு முறிவால் வீழ்ந்தவர். நெடுநாள் ஓய்ந்து, உடலை மறுபடி கட்டி, வீச்சு முறையை மாற்றிக்கொண்டு அவர் திரும்பியது இங்கிலாந்துக்கு எதிரான 1974-75 ஆஷஸ் தொடரில். ஓய்ந்ததால் அவர் வேகம் குறைந்துவிடவில்லை.

கோச்சிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். அவரைக் குறைசொல்லும் தொனியில் போக வேண்டாம். அவருக்கு அந்த 180 மட்டுமே தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, 408 என்ற கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கை வரும்வரை பையன் நெட்ஸுக்கு வருவான், ஸ்கோர் எழுதுவான், வீசமாட்டான் என்று சொல்லுங்கள். அகாடமியிலிருந்து அவனை முழுதாகப் பிரித்து வீட்டில் உட்காரவைப்பதை நான் விரும்புவதில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வலியைவிட, நண்பர்கள் வட்டத்திலிருந்து விலக்கப்படுவதுதான் அதிகம் உறுத்துகிறது. அதனாலேயே வலியை மறைத்துக்கொண்டு வீசுவார்கள். அவனிடம் பேசும்போது, வலிக்கிறது என்று சொன்னதற்காக நீங்கள் கோபப்படவில்லை என்பதை வாய்விட்டே சொல்லிவிடுங்கள். இரண்டு மாதமாக அவன் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அறிக்கை கையில் கிடைத்ததும், எந்த எலும்பு, எந்தப் பக்கம், வீக்கம் மட்டுமா கோடும் உண்டா என்று அதில் எழுதியிருப்பதை அப்படியே எனக்கு எழுதுங்கள். அவன் உயரம், எடை, கடந்த மூன்று மாதத்தில் ஏதாவது மாத்திரை எடுத்துக்கொண்டானா என்பதையும் சேர்த்து எழுதினால், முதல் பன்னிரண்டு வாரங்களுக்கான பயிற்சி அட்டவணையை, உங்கள் மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெறும்படியாக அனுப்பிவைக்கிறேன்.